கார்னெல் டெக்: பட்டத்தின் மதிப்பு குறையுமா?

வணக்கம். கார்னெல் டெக்கில் கணினி அறிவியல் எம்.எங். (பொறியியல் முதுநிலைப் பட்டம்) படிப்பில் இடம் கிடைத்தும், தாய் வளாகமான இத்தாக்காவில் இல்லாமல் நியூயார்க் நகரில் படிப்பதால் பட்டத்தின் மதிப்பு குறையுமோ என்று கேட்டிருந்தீர்கள். குறையாது, பட்டத்தை வழங்குவது கார்னெல் பல்கலைக்கழகமே.

இது பெயரை வாடகைக்கு விட்ட கிளையன்று. புதிய தொழில்நுட்ப வளாகம் அமைக்க நகர நிர்வாகம் நடத்திய போட்டியில் கார்னெலும் இஸ்ரேலின் டெக்னியன் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 2011-இல் வென்று, 2013-இல் அந்நகரின் செல்சி பகுதியிலிருந்த கூகுள் கட்டடத்தில் வகுப்புகளைத் தொடங்கி, 2017-இல் ரூஸ்வெல்ட் தீவின் புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்தன. பொறியியல், மேலாண்மை, சட்ட மாணவர்கள் ஒரே குழுவாக அமர்ந்து, நிறுவனங்கள் முன்வைக்கும் உண்மையான சிக்கல்களுக்குத் தீர்வு உருவாக்கும் 'ஸ்டூடியோ' முறைதான் இதன் உயிர்நாடி என்பேன்.

ஆனால் ஒன்றை நன்கு யோசியுங்கள். எம்.எங். என்பது ஆய்வேடு இல்லாத, ஓராண்டுத் தொழில்முறைப் பட்டம். முனைவர் பட்டமே உங்கள் இலக்கு என்றால், ஆய்வில் ஈடுபட வாய்ப்புண்டா என்று சேர்வதற்கு முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள். வேலைதான் நோக்கமென்றால் தயங்காமல் சேருங்கள். நியூயார்க் வாடகை கையைக் கடிக்கும். ஆகவே வளாகக் குடியிருப்புக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.