பழைய கோழிகளோடு புதியவற்றைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கொல்லையில் ஐந்து பெட்டைக் கோழிகள் இரண்டு ஆண்டுகளாக ஒன்றாக வளர்கின்றன. சென்ற வாரம் நான்கு மாத வயதுடைய இரண்டு பெட்டைகளை வாங்கிவந்து, அன்றே அவற்றோடு விட்டேன். பழையவை விரட்டி விரட்டிக் கொத்தியதில் ஒன்றின் கொண்டையில் ரத்தம் கசிந்தது. இப்போது இரண்டையும் தனியே அடைத்திருக்கிறேன். மீண்டும் எப்போது, எப்படிச் சேர்ப்பது?

பதில்: ரத்தத்தைக் கண்டதும் பிரித்துவிட்டீர்களே, அது மிகச் சரியான செயல். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் அதே இடத்தில் கொத்தத் தொடங்கும். கொத்துப்பட்ட கோழி சாகும்வரைகூட அது போகலாம். ஆகவே, புண் முழுவதும் ஆறும்வரை சேர்ப்பதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

உங்கள் கோழிகள் செய்தது கொடுமையன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை விளக்கி எழுதினார். புதிய கோழி நுழைந்தால் அந்த வரிசையை மீண்டும் வகுத்தாக வேண்டும். ஆகவே சில கொத்துகளைத் தவிர்க்க இயலாது. ரத்தம் வராமலும், தோற்ற கோழி ஓடி ஒளிய இடம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

சண்டையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, வாங்கிய அன்றே கலந்தது. பார்வைக்கு நலமாகத் தெரியும் கோழியிலும் பேன், செள், ரத்தக் கழிச்சல், மூச்சு நோய் ஆகியவை மறைந்திருக்கலாம். ஆகவே புதியவற்றை முப்பது நாட்களுக்கு, பழையவற்றிலிருந்து தொலைவில், தனியே வைத்திருங்கள்; பழையவற்றுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் செல்லுங்கள்; திரும்பும்போது கைகழுவி, செருப்பையும் மாற்றுங்கள். ஒருநாள் கலந்துவிட்டதால், பழைய ஐந்தின் எச்சத்தையும் மூச்சொலியையும் இந்த நாட்களில் கவனிக்க வேண்டும். இறகை விலக்கி ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். பேன் இருந்தால் அங்கேதான் முதலில் தென்படும்.

அதன்பின், பழையவை உலவும் இடத்திலேயே கம்பிவலைத் தடுப்புக்குள் புதியவற்றை ஒரு வாரம் வையுங்கள். தடுப்பின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால், ஒன்றையொன்று பார்த்தபடியே தின்று பழகும். கம்பியருகே சீறி நிற்பது குறைந்த பிறகு, மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நீங்கள் அருகில் இருக்கும்போது திறந்துவிடுங்கள். இரவோடு இரவாகப் புதியவற்றைக் கோழிகள் அடையும் கழியில் ஏற்றிவிட்டால் விடிந்ததும் அடையாளம் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கோழிகள் தம் கூட்டத்தாரைத் தலையையும் கொண்டையையும் வைத்து நன்றாக அறியும். காலையில் சண்டை மூண்டால், நெருக்கமான கூட்டுக்குள் தப்ப வழியும் இராது.

தீனித் தொட்டியும் தண்ணீரும் குறைந்தது இரண்டிரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒரு மூலையில் பலகையைச் சாய்த்து வைத்து, இருபுறமும் வழி விடுங்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து இளம் பெட்டைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், அவை முட்டையிடும்வரை எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழிகள் தேடிவந்து தின்னும்.

ஒரே ஒரு கோழிதான் ஓயாமல் விரட்டுகிறது என்றால், புதியவற்றை அங்கேயே இருக்கவிட்டு, அதை நான்கைந்து நாள் பிரித்துவையுங்கள். திரும்பி வரும்போது அதுவே தன் இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சேர்த்த முதல் வாரம், இரவில் கோழிகள் அடைந்ததும் புதியவற்றின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். தானியம் அடைத்த சிறு பைபோல் திரண்டிருந்தால் கவலையில்லை. தட்டையாக இருந்தால், பகல் முழுவதும் அவற்றைத் தீனியருகே மற்றவை விடவில்லை. மறுநாளே மூன்றாவது தொட்டி ஒன்றை மறைவான இடத்தில் வையுங்கள்.