நட்பு ஆட்டம் என்றாலே ஒப்புக்கு ஆடுவதுதானா? கால்பந்தில் மறக்க முடியாத நட்பு ஆட்டம் ஏதாவது உண்டா?

முக்கால்வாசி ஒப்புக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் கோச்சாக இருந்த ஸ்வென் கோரான் எரிக்சன் 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், இடைவேளை முடிந்ததும் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றி இறக்கினார். 3-1 என்று தோற்றார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் அன்று எந்த அணியைப் பார்த்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஆனால் அதே எரிக்சன் காலத்தில்தான் நான் சொல்லப்போகும் ஆட்டமும் நடந்தது. 2005 நவம்பர் 12, ஜெனீவா. இங்கிலாந்து 3, அர்ஜென்டினா 2. இரண்டு அணியும் அடுத்த ஆண்டு ஜெர்மனி உலகக் கோப்பைக்கு ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டன. புள்ளி இல்லை, கோப்பை இல்லை, மைதானமும் இருவருக்கும் சொந்தமில்லாத சுவிஸ் மண். அப்படியிருந்தும் இருபத்திரண்டு பேரும் ஏதோ அரையிறுதி போல ஓடினார்கள்.

காரணம் தெரிய இந்த இரண்டு நாடுகளின் பகை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1966 உலகக் கோப்பைக் கால் இறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியே அனுப்பினார்கள். அவர் போக மறுத்துப் பல நிமிடம் நின்றார். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து மேலாளர் ஆல்ஃப் ராம்சே தன் வீரர்களைச் சட்டை மாற்றிக்கொள்ள விடவில்லை, அர்ஜென்டினாக்காரர்களை மிருகங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். அர்ஜென்டினாவில் இன்றும் அதை மறக்கவில்லை. 1982இல் மால்வினாஸ் தீவுப் போர். இங்கிலாந்துக்காரர்கள் ஃபாக்லாந்து என்பார்கள். இரு பக்கமும் சேர்த்து 900 பேருக்கு மேல் செத்தார்கள். நான்கே ஆண்டில் மெக்சிகோ உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனாவின் கை கோல், அதே ஆட்டத்தில் அந்த அற்புத கோல். 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பெக்காமுக்குச் சிவப்பு அட்டை, பெனால்டியில் அர்ஜென்டினா வெற்றி. 2002 உலகக் கோப்பையில், ஜப்பானின் சப்போரோவில், அதே பெக்காமின் பெனால்டியால் இங்கிலாந்து 1-0.

இவர்கள் இடையே நட்பு ஆட்டம் என்ற பெயரே கொஞ்சம் வேடிக்கைதான். 1977இல் புவனோஸ் அயர்ஸில் நடந்த ‘நட்பு’ ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் பெர்த்தோனி விட்ட குத்தில் இங்கிலாந்தின் டிரெவர் செர்ரிக்கு முன்பல் இரண்டு போயிற்று. பல்லைப் பறிகொடுத்த செர்ரியையும் சேர்த்தே ரெஃப்ரி வெளியே அனுப்பினார்! 1980இல் வெம்ப்ளியில் இன்னொன்று. 19 வயது மரடோனா வரிசையாக ஆட்களைத் தாண்டிக்கொண்டு போய் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஆறு ஆண்டு கழித்து மெக்சிகோவில் அதே மாதிரி ஓட்டம். இந்த முறை கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டார். அந்த கோலுக்கு ஒத்திகை ஒரு நட்பு ஆட்டத்தில்தான் நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவா ஆட்டமும் ஒருவகையில் ஒத்திகைதான், ஆனால் இன்னும் கசப்பான ஒன்றுக்கு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

அர்ஜென்டினா கோச் ஹோசே பெக்கர்மன். அவர் அணியின் மூளை ரிக்கெல்மே. இந்த மனிதர் வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. பந்தைக் காலடியில் வைத்து, முதுகைக் காட்டி நின்று, எதிராளி பொறுமை இழந்து பாயும்வரை காத்திருப்பார். பிறகுதான் பாஸ். அவரைக் கட்டிப்போட எரிக்சன் ஒரு யோசனை செய்தார். டிஃபென்ஸில் ஆடும் லெட்லி கிங்கை மிட்ஃபீல்டில், டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். கிங் நல்ல வீரர், ஆனால் அன்று நாள் முழுக்க ரிக்கெல்மேயின் நிழலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் கோல் 34ஆவது நிமிடம், அர்ஜென்டினாவின் கிரெஸ்போ. ஐந்தே நிமிடத்தில் பதில்: பெக்காம் தலையால் தட்டிவிட்ட பந்தை ரூனி வாங்கி அமைதியாக உள்ளே தள்ளினார். அப்போது ரூனிக்கு 20 வயது. கழுத்து தடித்த, கோபக்காரப் பையன். அன்று அர்ஜென்டினா டிஃபென்ஸை ஒரு நிமிடம்கூட நிம்மதியாக விடவில்லை. என்னைக் கேட்டால் இங்கிலாந்து சட்டையில் அவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அர்ஜென்டினாவின் வால்டர் சாமுவேல் தலையால் முட்டி 2-1 ஆக்கினார்.

அதன் பிறகு அரை மணி நேரம் அர்ஜென்டினா கையில்தான் ஆட்டம். பந்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். எரிக்சன் கிங்கை எடுத்துவிட்டு ஜோ கோலை இறக்கினார். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு டிஃபென்டரை வெளியே எடுத்துவிட்டு பீட்டர் கிரவுச்சை அனுப்பினார். ஆறடி ஏழங்குலம். அதாவது நுணுக்கத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, தூக்கி அடி, முட்டித் தள்ளு என்ற பழைய இங்கிலாந்து வைத்தியம்.

அதே நேரம் எதிர் பெஞ்சில் என்ன நடந்தது தெரியுமா? கிரெஸ்போவை முன்பே எடுத்தாகிவிட்டது. டெவெஸையும் எடுத்தார்கள். 84ஆவது நிமிடத்தில் பெக்கர்மன் ரிக்கெல்மேயையும் வெளியே கூப்பிட்டுவிட்டார். 2-1 என்று முன்னிலை, நட்பு ஆட்டம், இன்னும் ஆறே நிமிடம். ஆளுக்கு ஓய்வு கொடுக்கலாமே என்று எந்த கோச்சும் நினைப்பார். நியாயம்தான். ஆனால் அந்த நொடியிலிருந்து அர்ஜென்டினாவிடம் பந்தை வாங்கி நிறுத்தி வைக்க ஆளில்லை. கிடைத்த பந்தை எல்லாம் தூர அடித்தார்கள், அது சுவரில் பட்ட மாதிரி திரும்பி வந்தது.

ஜெரார்டு வலது பக்கமிருந்து கிராஸ் போட, மைக்கேல் ஓவன் முட்டி 2-2. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காக ரெஃப்ரி சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஜோ கோல் கிராஸ், மறுபடி ஓவன், மறுபடி தலை, 3-2. ஓவன் உயரமே கிடையாது. டிஃபென்டர்களின் கண்ணெல்லாம் கிரவுச் மேல் இருந்தது. சாமுவேலுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருந்த சந்தில் இவர் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டார். 1998இல் 18 வயதில் இதே அர்ஜென்டினாவின் டிஃபென்ஸைக் கிழித்துக்கொண்டு ஓடி கோல் போட்ட அதே ஓவன். அன்று காலால், இன்று தலையால். அவரை ஜெனீவாவில் தவறவிட்ட அதே அணியில் 1998இல் ஆடிய ஸனெட்டியும் இருந்தார் என்பது எனக்குத் தனி வேடிக்கை.

இங்கிலாந்துப் பத்திரிகைகள் குதித்தன. இரண்டு மாதம் முன்புதான் பெல்ஃபாஸ்ட்டில் வட அயர்லாந்திடம் 1-0 என்று தோற்று நாறிப்போன அணி இது. அதற்கும் முன்னால் ஆகஸ்டில் டென்மார்க்கிடம் 4-1. இப்போது திடீரென்று உலகக் கோப்பையே நமக்குத்தான் என்ற பேச்சு. இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. 84 நிமிடம் அவர்களால் ரிக்கெல்மேயிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியவில்லை. நடுக்களத்தில் ஜெரார்டும் லம்பார்டும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தது ரூனியும் ஓவனும். அந்த இரண்டு பேர் சேர்ந்து நின்றால்தான் இந்த அணிக்கு வாழ்வு என்பதுதான் ஜெனீவா சொன்ன சேதி.

அந்த ஜோடி நிலைக்கவில்லை. ஓவனுக்கு அந்த டிசம்பர் கடைசி நாளில் கால் எலும்பு முறிந்தது. ரூனிக்கு ஏப்ரலில் அதே மாதிரி. இருவரும் அரைகுறையாகத் தேறி ஜெர்மனி போனார்கள். ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை, ஓவன் முழங்கால் திருகி விழுந்தார். கால் இறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக ரூனி முன்னால் தனியாக நின்று, எரிச்சலில் மிதித்து, சிவப்பு அட்டை வாங்கினார். பெனால்டியில் இங்கிலாந்து வெளியே.

அர்ஜென்டினா கதை இன்னும் மோசம். 2006 ஜூன் 30, பெர்லின், ஜெர்மனிக்கு எதிராகக் கால் இறுதி. ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா முட்டி 1-0. ஆட்டம் பிடியில் இருக்கிறது. 72ஆவது நிமிடம், பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்து காம்பியாசோவை இறக்குகிறார். கொஞ்ச நேரத்தில் கிரெஸ்போவையும் எடுக்கிறார். 80ஆவது நிமிடம் குளோசே தலையால் முட்டி 1-1. பெனால்டியில் ஜெர்மனி 4-2. மெஸ்ஸி என்ற 19 வயதுப் பையன் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெக்கர்மன் அன்றே பதவி விலகினார்.

அன்று மாற்று ஆட்கள் முடிந்துபோனதற்கு கோல்கீப்பர் அபொன்டான்சியெரியின் காயமும் ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முன்னிலையில் இருக்கும்போது ரிக்கெல்மேயை எடுத்தால் என்ன ஆகும் என்று பரீட்சை செய்து பார்க்க ஒரு வாய்ப்பு அவருக்கு ஏழு மாதம் முன்பே, எந்தச் செலவும் இல்லாமல், கிடைத்திருந்தது. விடைத்தாளும் கையில் இருந்தது. அதனால்தான் இந்த ஆட்டத்தை ஓவனின் இரண்டு கோலுக்காக மட்டும் நான் நினைவில் வைத்திருக்கவில்லை.

முழு ஆட்டப் பதிவு கிடைத்தால் கோல்களை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். 75ஆவது நிமிடத்திலிருந்து போட்டு, ரிக்கெல்மே வெளியே போவதற்கு முன்னும் பின்னும் அர்ஜென்டினா பந்தைத் தொடர்ச்சியாக எத்தனை பாஸ் வரை வைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.