கேட்டுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம்?

பயணக் கேள்வி-பதில்
பதில் தருபவர்: காட்பாடியில் டிராவல்ஸ் நடத்தும் நம் வாசகர்

முழுப் பரீட்சை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி தீம் பார்க்கும் அதை ஒட்டிய ஹோட்டலும்தான். ஏலகிரி, ஜவ்வாது மலை பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: மே மாதம் பெங்களூர் வொண்டர்லா போகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், நாலு வயது மகள், மூட்டுவலி உள்ள மாமியார். பார்க்கை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது, ஆனால் வாடகை அதிகம். மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜ் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் கணவர். நெட்டில் தேடினால் 'வொண்டர்லா அருகில்' என்று வேறு பல ரிசார்ட்டுகளும் வருகின்றன. எதைப் போடுவது அண்ணா?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: லாட்ஜ் வாடகையை மட்டும் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். ஆனால் வொண்டர்லா பெங்களூருக்குள் இல்லையேம்மா. மைசூர் ரோட்டில் பிடதி பக்கம், ஊரிலிருந்து 28 கிலோமீட்டர். மெஜஸ்டிக்கில் தங்கினால் காலையில் ஐந்து பேருக்கு ஒரு கார், சாயங்காலம் ஈரத்துணி மூட்டையோடு மறுபடி ஒரு கார். கெங்கேரி தாண்டி ஊருக்குள் நுழையும்போது மணி ஏழு, ஏழரை ஆகிவிடும். சனி, ஞாயிறு என்றால் மைசூரிலிருந்து திரும்புகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பாப்பா தூங்கி வழியும் நேரம், மாமியாருக்குக் காலை நீட்டினால் போதும் என்றிருக்கும் நேரம். அப்போது நீங்கள் சிக்னலில் நிற்பீர்கள். இரண்டு நடை கார் வாடகையையும் லாட்ஜ் கணக்கில் சேர்த்து எழுதிப் பாருங்கள், 'பாதி விலை' எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

குடும்பமாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, பகல் இரண்டரை மணிக்கு உங்களில் யார் யார் படுக்க வேண்டியவர்கள் என்பதுதான். பட்ஜெட் எல்லாம் அப்புறம். ஒருத்தரும் இல்லை, எல்லாம் காலேஜ் பசங்க என்றால் மெஜஸ்டிக் லாட்ஜே போதும், அதைக்கூட ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் போதும். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பார்க் வழக்கமாகத் திறப்பதே காலை 11 மணிக்கு, வார நாளில் 6 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். நல்ல உச்சி வெயில்தான் அவர்கள் வியாபார நேரம். நம் வேலூர் வெயில் அங்கே இல்லை என்றாலும் வெயில் வெயில்தான். ரூம் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் பாப்பாவும் பாட்டியும் போய்ப் படுத்துவிட்டு நாலு மணிக்கு மேல் வரலாம், பையனும் அப்பாவும் அதுவரை ஆட்டம் போடலாம். ஒரு விஷயம்: வெளியே போனவர்கள் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே வர முடியுமா, கையில் முத்திரை வைத்து அனுப்புவார்களா என்பதைக் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விடமாட்டோம் என்றால் மாமியாருக்கு அன்றைக்கு டிக்கெட்டே எடுக்காதீர்கள். ரிசார்ட் வராந்தாவில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் தனியாகக் கேளுங்கள், அதைத்தான் விரும்புவார்.

இனி அந்த 'அருகில்' ரிசார்ட்டுகள். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மேப்பில் இரண்டு கிலோமீட்டர் என்று காட்டும். பெங்களூர்-மைசூர் ரோடு இப்போது இருபுறமும் தடுப்புப் போட்ட எக்ஸ்பிரஸ் ரோடு. சர்வீஸ் ரோடு தனி, நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. ஹோட்டல் எதிர்ப்பக்கம் இருந்தால் அண்டர்பாஸ் தேடிப் போய்ச் சுற்றி வர வேண்டும். ஆரணியிலிருந்து நம் வண்டி இல்லாமல் ரயிலில் போன ஒரு குடும்பம் இப்படி ஒரு இடத்தைப் போட்டுவிட்டு, பார்க் மூடிய பிறகு ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கேட்டு அரண்டுபோய் எனக்கு போன் செய்தார்கள். அதனால் ஹோட்டலுக்கு போன் போட்டு 'பார்க் எவ்வளவு தூரம்?' என்று கேட்காதீர்கள், அஞ்சு நிமிஷம்தான் மேடம் என்பார்கள். 'குழந்தையோடு நடந்தே போகலாமா, நடுவில் ரோடு கடக்கணுமா?' என்று கேளுங்கள். அந்தப் பக்கம் தயக்கம் வந்தால் போனை வைத்துவிடலாம்.

ஆக, உங்களுக்குப் பார்க்கின் சொந்த ரிசார்ட்தான், ஒரே ஒரு ராத்திரி. அங்கே 84 அறைதான் இருக்கிறது, மே மாத ரூமுக்கு மே மாதம் தேடினால் கிடைக்காது. வாடகை கேட்கும்போது வரியோடு சேர்த்தா என்று கேளுங்கள். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் வித்தியாசம் இருநூறு என்று நினைத்தால் பில்லில் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். ஐந்தாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டால் அதற்குக் காலை டிபன் உண்டா, பாப்பாவுக்குத் தனிக் கட்டணமா, இதையும் வாய்ச்சொல்லாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கிளம்புமுன் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். அங்கே வயசு கணக்கில்லை, உயரம்தான்: 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், மேலே போனால் பெரியவர் டிக்கெட். உங்கள் பையன் 140-ஐ ஒட்டி இருப்பான் என்று நினைக்கிறேன். தண்ணீருக்குள் காட்டன் துணியோடு விடமாட்டார்கள், நைலான் டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் இங்கேயே வாங்கிக்கொண்டு போனால் அங்கே கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டாம். வெளிச் சாப்பாடு பார்க்குக்குள் கூடாது. மாமியார் புளிசோறு கட்டியே தீருவார், அதைப் போகிற வழியில் கிருஷ்ணகிரி தாண்டி முடித்துவிடுங்கள்.

கேள்வி: ரிசார்ட் படங்களில் பெரிய நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் அருமையாக இருக்கிறது. அதைப் பார்த்து முடிவு செய்யலாமா?
(வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பிள்ளைக்கு ராத்திரி எதற்கு சார் இன்னொரு குளம்? பல இடங்களில் ஏழு மணியோடு குளத்தை மூடிவிடுவார்கள், நீங்கள் திரும்புவதே அப்போதுதான். இரண்டு ராத்திரி தங்கி, ஒரு நாள் பார்க், ஒரு நாள் சும்மா இருப்பது என்று திட்டமிருந்தால் குளத்துக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. ஒரு ராத்திரிக்கு வெந்நீர் நிற்காமல் வருகிறதா, துணி காயப்போட பால்கனி உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: கொழுந்தனார் அட்லாண்டாவில் இருக்கிறார். ஜூலையில் எங்களை ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகிறாராம். நாங்கள் இருவர், 11 வயது, 6 வயது பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். பெரியவர்கள் சைவம். டிஸ்னி ஹோட்டலே எடுக்கலாமா, வெளியே சமையலறையுள்ள வாடகை வீடு எடுக்கலாமா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். அங்கேயே இருக்கும் இன்னொரு தீம் பார்க்கான யுனிவர்சலின் ஹோட்டல்தான் லாபம் என்று கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் வேறு சொல்கிறார்.
(வாசகி, ஆம்பூர்)

பதில்: பிடதிக்குச் சொன்ன கணக்கேதான் இதற்கும், தூரம் மட்டும்தான் பெரிசு. டிஸ்னி வேர்ல்டில் பார்க் ஒன்றல்ல, நாலு. அதில் உங்கள் ஆறு வயதுக்காரருக்கு மேஜிக் கிங்டம்தான் முக்கியம், 1971-இல் முதலில் திறந்தது. வாடகைக் காரில் வெளியிலிருந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் அந்தப் பார்க்கின் வாசலுக்கும் நடுவில் ஒரு ஏரியே இருக்கிறது. காரை விட்டு இறங்கி, மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக முடியும். பகலில் மாமனாரைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டுமென்றால் அதே வழியைத் திருப்பிச் செய்ய வேண்டும், சாயங்காலம் இன்னொரு தடவை. டிஸ்னி ஹோட்டல் பஸ் வாசல் பக்கத்திலேயே இறக்கிவிடும், அதற்குக் காசும் கிடையாது. கன்டெம்பரரி என்ற ஹோட்டலிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் வாடகையைக் கேட்டால் ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கிறவர்களே யோசிப்பார்கள்.

அங்கே ஹோட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். வேல்யூ வகைச் சாதாரண அறை நாலு பேருக்கு. உங்களுக்கு இரண்டு அறை வேண்டும், இல்லையென்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் ஆறு பேர் தங்கும் ஃபேமிலி சூட். அதில் இரண்டு பாத்ரூம், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் உண்டு. தயிர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், சோறு சூடு பண்ணலாம், தாளிக்க முடியாது. அங்கிருந்து அந்த நாலு பார்க்கில் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டுக்கும் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ரைடு. டிஸ்னி ஹோட்டலில் எந்த வகையில் தங்கினாலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். நம் வீடுகளில் காலை ஐந்து மணிக்கே எழுந்து காபி எங்கே என்று கேட்கும் மாமனார்கள் இருப்பதால் இந்தச் சலுகை நமக்கு நன்றாகப் பொருந்தும். முன்பு ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு இலவச பஸ் இருந்தது, 2022 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜூலையில் ஃபுளோரிடாவில் பகல் மூன்று, நாலு மணிக்குக் கருக்கலிட்டு இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். மின்னல் என்றால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ரூம் பக்கத்தில் உள்ளவர்கள் அந்த நேரத்தில் தூங்கி எழுந்து, மழை விட்டதும் வருவார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள்.

யுனிவர்சல் விஷயத்தில் அந்த நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அவர்களுடைய போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்று ஹோட்டலிலும் தங்குகிறவர்களுக்குப் பழைய இரண்டு பார்க்குகளிலும் க்யூவைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையிலேயே அடக்கம். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க்குக்கு அது செல்லாது. ஆனால் அந்தப் பழைய பார்க்குகளில் பேர் வாங்கிய பெரிய ரைடுகள் 122, 130 சென்டிமீட்டர் உயரம் கேட்பவை. ஆறு வயதுக் குழந்தை வெளியே நின்று அழும், பெரியவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள், பாஸை அனுபவிப்பது கொழுந்தனாரும் அவர் நண்பரும்தான்.

என் யோசனை: பார்க் போகிற மூன்று ராத்திரிக்கு ஃபேமிலி சூட். அதன் பிறகு ஊர் சுற்றுகிற நாட்களுக்கு கிஸ்ஸிமி பக்கம் சமையலறையுள்ள வாடகை வீடு, மாமியார் ரசம் வைக்கட்டும். டிக்கெட் கணக்கில் ஒன்று: டிஸ்னியில் 10 வயது நிறைந்தால் பெரியவர் டிக்கெட். உங்கள் பெரியவருக்கு அதுதான், சின்னவருக்குக் குழந்தை டிக்கெட்.

கேள்வி: இரட்டைக் குழந்தைகளோடு (வயது 6) சிங்கப்பூர் போகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள் மட்டும். அது இருக்கும் செந்தோசா தீவிலேயே ரிசார்ட் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம். மேலே இவ்வளவு நேரம் பக்கத்தில் தங்கு, பக்கத்தில் தங்கு என்று சொன்னவன் இப்படிச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் ரயில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் தங்கினால் ஒரே ரயிலில், மாறாமல், ஹார்பர்ஃப்ரன்ட் வந்துவிடலாம். அங்கிருந்து செந்தோசாவுக்குள் குட்டி ரயில், திரும்பி வரும்போது அதற்கு டிக்கெட்டும் கிடையாது. சிராங்கூன் ரோட்டில் இட்லியும் கிடைக்கும், அகாலத்தில் பாலும் கிடைக்கும். ஒரு நாள் பார்க்குக்காக மொத்தப் பயணத்துக்கும் தீவு வாடகை கொடுக்க வேண்டாம்.

ஆனால் இரட்டையர் ஆறு வயது என்பதால் வேறு ஒன்று தோன்றுகிறது. எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் லெகோலேண்ட் இருக்கிறது, 2012-இல் திறந்தது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்தே கட்டிய இடம். அங்கே மட்டும் பார்க் ஹோட்டலிலேயே தங்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கென்று தனித் தடுப்பில் அடுக்குக் கட்டில், வாசலில் இறங்கினால் பார்க். எல்லையில் இரண்டு இமிக்ரேஷனிலும் இறங்கி ஏற வேண்டும் என்பதால் காலையில் போய் மாலையில் திரும்புவது பிள்ளைகளுக்கு வதை. உங்கள் சிங்கப்பூர் விசாவில் மறுபடி நுழைய அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஹோட்டலே வேண்டாம். பேரப் பிள்ளைகளைக் காலையில் கூட்டிப் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எங்கே போகலாம்?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: ஐயா, சென்னை ரோட்டில் பூந்தமல்லிக்கு முன்னாலேயே, செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. சென்னை டிராஃபிக்கில் நுழையாமலே திரும்பிவிடலாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் சென்னை வொண்டர்லாவும் திறந்துவிட்டார்கள். அதற்குச் சென்னைக்குள் போகாமல் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போங்கள். வார நாளாகப் பாருங்கள். பேரப் பிள்ளைகளில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் மட்டும் மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் கடற்கரைக் கோயிலையும் காட்டிவிட்டு வாருங்கள். ஒரே நாளில்தான் திரும்புவேன் என்றால் டிரைவருக்கு மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து, நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்கச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.