வயிறு தட்டுது, உயர்த்தலாமோ?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெயிலர் பற்றியவை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற சொந்தங்களை ஏற்றி, கெப்புக்குப் பின்னால் ரெயிலரையும் கொழுவிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகத் திரிந்ததன் பலன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் பதினொரு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஏழு பக்கம் மச்சானைப் பற்றியது.

கேள்வி: அண்ணர் பிரிஸ்பேனிலிருந்து வந்து நின்றபோது, அங்கே பாவிக்கிற மாதிரி ஒரு காம்பர் ரெயிலரை இங்கே பட்டறையில் செய்வித்தோம். படுக்கை, சின்னக் குசினி, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. கௌதாரிமுனை மணல் பாதையில் அடிப்பக்கம் தட்டி இழுபட்டது. இரண்டு சில்லையும் இணைக்கிற அக்சிலை மாற்றிப் பூட்டினால் ஐந்து இஞ்சி உயரும் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா? (கோண்டாவில்)

பதில்: எது தட்டினது, தம்பி? முழுக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசித்தேன், அது மட்டும் இல்லை.

ஒரு சாக்கை விரித்து ரெயிலருக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பெயின்ற் உரிந்து இரும்பு பளபளக்கிற இடம்தான் தட்டின இடம். அது தண்ணீர்த் தாங்கியாகவோ, குசினித் தொட்டியின் கழிவுக் குழாயாகவோ, சரியாக மடிக்காமல் விட்ட தாங்கு காலாகவோ இருந்தால் அக்சிலில் கை வைக்க வேண்டியதில்லை. தாங்கியை உள்ளே ஏற்றிவிட்டு, குழாயை வளைத்து மேலே கட்டினால் முடிந்தது. கராஜ்காரர் கேட்ட காசில் கால்வாசியும் வராது.

ரெயிலரின் இரும்புச் சட்டமே தட்டுகிறது என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்து, ஸ்பிறிங் தகடுகள் அக்சிலுக்கு மேலே இருக்கின்றனவா, கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். ஸ்பிறிங்கை அக்சிலுக்கு மேலே கொண்டுவரும்போது அக்சிலின் தடிப்பும் ஸ்பிறிங் அடுக்கின் தடிப்பும் சேர்ந்த அளவுக்குப் பெட்டி உயரும். இரண்டு இஞ்சிச் சதுர அக்சில், இரண்டு இஞ்சிக்குக் கிட்டின ஸ்பிறிங் அடுக்கு என்றால் நாலு இஞ்சி. ஐந்து என்பது வாய்க்கணக்கு, அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் மாற்ற ஒன்றுமே இல்லை.

இன்னொன்றை எந்தக் கராஜிலும் சொல்ல மாட்டார்கள். பெட்டிதான் உயரும், அக்சில் உயராது. அக்சில் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை ரயர் மட்டுமே தீர்மானிக்கிறது. முன்பு அதற்குக் கீழே தொங்கின ஸ்பிறிங் மேலே போவதால் அந்தளவு லாபம் உண்டு, அவ்வளவுதான். நடுவில் திட்டும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக உழவு மெசின் போட்ட தடத்தில் அக்சில் முன்பு போலவே இழுபடும்.

செய்வதென்றால் பக்கத்தில் நின்று செய்வியுங்கள். அக்சிலை அப்படியே தலைகீழாகப் புரட்ட விடாதீர்கள். சில அக்சில்கள் நடுவில் மெல்லிசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். புரட்டினால் அந்த வளைவு கீழ்நோக்கித் திரும்பி, சில்லு சரிந்து, ரயர் ஒரு பக்கம் தேயும். அக்சில் இருந்த மாதிரியே இருக்க, மேல்பக்கத்தில் ஸ்பிறிங் அமர்கிற இருக்கைத் தகட்டைப் புதிதாக வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். அக்சிலையும் ஸ்பிறிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். பழையவை ஒருமுறை இழுபட்டவை, திரும்பப் பிடிக்காது. நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒருமுறை இறுக்குங்கள். பிறேக் கேபிளும் லைற் வயரும் புதிய உயரத்துக்கு எட்டுமா என்றும் பாருங்கள்.

அதுசரி, மணலில் இழுபட்டது உயரக் குறைவாலா, ரயர்க் காற்றாலா? 35 இறாத்தல் காற்றோடு மணலுக்குள் போனால் எவ்வளவு உயர்த்தினாலும் புதையும். கெப்புக்கும் ரெயிலருக்கும் இருபது மட்டுக்குக் குறைத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார் றோட்டில் ஏற முதல் திரும்ப அடித்துவிட வேண்டும். இதற்குக் காசே இல்லை.

கேள்வி: ஸ்பிறிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவில் பாலை மரக்கட்டை வைத்து உயர்த்தலாமா? நல்ல வைரமான மரம். (கொடிகாமம்)

பதில்: கூடாது. பாலை கதவு நிலைக்கு.

கேள்வி: முகநூலில் ஒரு ரெயிலர் பார்த்தேன். ‘உயர்த்தினது, காட்டுப் பாதைக்கு உகந்தது’ என்று போட்டிருந்தது. முற்பணம் 75,000 ரூபாய் வங்கியில் போட்டேன். இப்போது ஆள் தொலைபேசி எடுக்கிறார் இல்லை. (மானிப்பாய்)

பதில்: படத்தில் ரெயிலர் தெரிந்தது. ஆள் தெரிந்தாரா? வங்கிச் சிட்டையையும் அவர் அனுப்பின செய்திகளையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். போன மாதமும் இதே கேள்வி, வேறு சாமான். ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போய்ப் பார்க்கப் பஞ்சிப்பட்டு 75,000 ரூபாயை அனுப்புகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன எழுதுவது?

கேள்வி: அக்சிலைத் தொடாமல் பெரிய ரயர் மட்டும் போட்டால் போதாதா? (சுன்னாகம்)

பதில்: அக்சிலையும் சேர்த்து உயர்த்துவது ரயர் ஒன்றுதான், அதனால் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பாதிதான் கிடைக்கும். விட்டம் இரண்டு இஞ்சி கூடினால் ஒரு இஞ்சி உயரும். முழுச் சுமையும் ஏற்றிவிட்டு, ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை விட்டுப் பாருங்கள். புது ரயர் போட்ட பிறகும் மூன்று இஞ்சியாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே உரசும்.

வாங்கும்போது ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். ‘பாவிக்காத ஜப்பான் ரயர், ஐயா’ என்று ஒரு கடையில் தந்த இரண்டும் கறுப்புப் பொலிஷில் மினுங்கின. பரந்தன் தாண்டி ஒன்று வெடித்தது. வெயிலில் குந்தியிருந்து மற்றதைப் பார்த்தால் 1109. அதற்கு அப்போது வயது ஒன்பது. பாவிக்காத ரயர் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான்; எவ்வளவு காலமாகப் பாவிக்கவில்லை என்று நான்தான் கேட்கவில்லை.

கேள்வி: நானும் மகளும் கசூரினாக் கடற்கரையில் ஒரு ரெயிலரில் வைத்து ரோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணி விற்கிறோம். மழைக்கு வழியில் தண்ணீர் நிற்பதால் நாலு இஞ்சி உயர்த்தித் தரச் சொல்லி ஒரு கராஜுக்கு 48,000 ரூபாய் கொடுத்தோம். ஸ்பிறிங் நுனியைச் சட்டத்தோடு பிடிக்கிற இடத்தில் நீளமான தகடுகளைப் போட்டுத் தந்தார்கள். இப்போது ஓடும்போது பெட்டி இரண்டு பக்கமும் ஆடுகிறது. பொன்னாலைப் பாலத்தில் காஸ் சிலிண்டரே சரிந்துவிட்டது. கேட்டால், சாமான் போட்டது போட்டதுதான், காசு திருப்ப ஏலாது என்கிறார்கள். பற்றுச்சீட்டுத் துண்டு தரவில்லை. துண்டு எழுதினால் விலை கூடும் என்றார்கள். (காரைநகர்)

பதில்: அக்கா, இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டது நாலு இஞ்சி. அவர்கள் செய்தது வேலையிலேயே மலிவான வேலை. ஸ்பிறிங்கின் ஒரு நுனியில் மட்டும் தகட்டை நீளமாக்கினால், கூட்டின நீளத்தில் பாதிதான் பெட்டி உயரும். நாலு இஞ்சி வேண்டுமென்றால் தகடு எட்டு இஞ்சி கூட வேண்டும், அதை எவரும் போட மாட்டார்கள். நீளத் தகடு பக்கவாட்டில் நெளியும்; நீங்கள் சொல்கிற ஆட்டம் அதுதான். முதலில் அந்தத் தகடுகளைக் கழற்றிப் பழையதைப் பூட்டுங்கள். அதுவரைக்கும் சிலிண்டரோடு பாலத்தால் போக வேண்டாம்.

இனிக் காசு. துண்டு இல்லாவிட்டாலும் கை வெறுமையாக இல்லை. வைபரில் விலை பேசின செய்தி, காசு எடுத்த வங்கிப் புத்தகம், முந்தின படம், இப்போதைய படம், பக்கத்தில் அளவுநாடா பிடித்த படம், கண்ட சாட்சி எல்லாம் உதவும். என்ன கேட்டீர்கள், என்ன செய்தார்கள், என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கராஜுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். மாவட்டச் செயலகத்தில் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். எண்ணிப் பாருங்கள், நாள் கடத்தாதீர்கள். உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம். வழக்கு, சட்டத்தரணி என்று அலைய வேண்டி வராது.

இந்தத் துண்டுக் கதையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்கள் கொட்டாவி விட்டாலும் சரி. எங்கள் ஊரில் துண்டு கேட்பது ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி ஆகிவிட்டது. ‘எங்களில நம்பிக்கை இல்லையோ?’ என்று ஒரு கேள்வி கேட்பார்கள், நாங்கள் வெட்கப்பட்டுப் போய்விடுவோம். கலியாண மொய்யைக் கொப்பியில் சதம் பிசகாமல் எழுதுகிற சனம் நாங்கள்! அந்தக் கொப்பியை இருபது வருடம் கழித்துத் திறந்து பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். 48,000 ரூபாய் வேலைக்கு மட்டும் வாய்ப்பேச்சு. துண்டு கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டப்படி விற்பவரின் கடமை. கொடுத்தால் விலை கூடும் என்றால், அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று அவரிடமே கேளுங்கள். துண்டில் ‘ரெயிலர் வேலை: 48,000’ என்று எழுதினால் அதுவும் போதாது. முந்தின உயரம், பிந்தின உயரம், போட்ட சாமான், எத்தனை மாத உத்தரவாதம் என்று நாலு வரி வேண்டும். நல்ல பாஸ்மார் இதற்குக் கோபிப்பதில்லை. நான் போகிற கராஜில் ஒரு பாஸ் சிகரெட் பெட்டியின் உள்மட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதுவும் துண்டுதான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த ரெயிலர் ஒன்று வாங்கினேன். அடியில் ஸ்பிறிங்கே காணவில்லை, சதுரக் குழாய் மட்டும் இருக்கிறது. ‘ஒட்டி உயர்த்தித் தரலாம்’ என்கிறார் கராஜ்காரர். (சாவகச்சேரி)

பதில்: நிற்பாட்டுங்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கிற ரப்பர்தான் உங்கள் ஸ்பிறிங். குழாயில் வெல்டிங் சூடு பட்டால் ரப்பர் போய்விடும், பிறகு முழு அக்சிலும் மாற்ற வேண்டும். சட்டத்துக்கும் அக்சில் பிடிக்கும் இடையில் போல்ட் போட்டு இறுக்குகிற இரும்பு இடைத்தாங்கி வைத்துத்தான் உயர்த்தலாம். ரப்பரே பழசாகித் தொய்ந்திருந்தால் அதுவும் பயனில்லை. வாங்க முதல் கீழே குனிந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: உயர்த்தின பிறகு ரெயிலர் மூக்குக் குத்தி நிற்கிறது. கொழுவிகூடச் சரியாக இறுகவில்லை, சத்தம் போடுகிறது. (பருத்தித்துறை)

பதில்: பின்னால் ரெயிலரை உயர்த்தினீர்கள், கெப்பில் கொழுவி மாட்டுகிற உருண்டை பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதையும் உயர்த்துங்கள்; சுமையோடு, சமதரையில் ரெயிலர் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு உருண்டையில் அழுத்துகிற பாரத்தையும் பாருங்கள், மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. 600 கிலோ ரெயிலருக்கு 60 கிலோ. வீட்டில் ஆள் நிறுக்கிற தராசை மூக்குக்குக் கீழே, கொழுவுகிற உயரத்துக்குக் கட்டை அடுக்கி, வைத்தால் தெரிந்துவிடும். பின்பக்கம் பாரம் கூடினால் ரெயிலர் வாலாட்டும்; உயர்த்தின ரெயிலர் இன்னும் கூட ஆட்டும். சத்தத்துக்குக் காரணம் உருண்டையின் அளவாக இருக்கலாம். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 50 மில்லிமீற்றர், அமெரிக்காவில் இரண்டு இஞ்சி, அதாவது 50.8. அந்த வித்தியாசம் சின்னது. ஆனால் ஒன்றேமுக்கால் இஞ்சிக்குச் சற்றுக் கூடின சின்ன உருண்டையும் இருக்கிறது. அதில் பெரிய கொழுவியை மாட்டினால் ஒருநாள் துள்ளிக் கழன்றுவிடும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், வாசியுங்கள். பாதுகாப்புச் சங்கிலி போடாமல் படலையைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: நாலு இஞ்சி உயர்த்தினால் வேறு ஏதும் பிரச்சினை வருமா? (கொக்குவில்)

பதில்: வளைவுகளில் நிதானம் வேண்டும், பாரம் மேலே போனால் சரிவதும் லேசு. தாங்கு கால்கள் நிலத்துக்கு எட்டாது. ஏறுகிற படி உயர்ந்துவிடும், வீட்டில் முழங்கால் நோவுள்ளவர்கள் இருந்தால் இன்னொரு படி ஒட்ட வேண்டும். அப்புறம் என் கேற்.

ஐந்து வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பத்திடம் ‘ஏற்கெனவே உயர்த்தினது’ என்று ஆசைப்பட்டுக் காம்பர் ரெயிலர் ஒன்று வாங்கினேன். கீழே படுத்துப் பார்த்தேன், அக்சிலைப் பார்த்தேன், யூ போல்ட்டைப் பார்த்தேன், ரயரின் நாலு இலக்கத்தையும் பார்த்தேன். கூரையைப் பார்க்கவில்லை. எங்கள் கேற்றுக்கு மேலே அப்பா கட்டின சீமெந்து வளைவு இருக்கிறது. ரெயிலர் அரைவாசி உள்ளே போய், கூரையில் இருந்த காற்று மூடியோடு வளைவில் இறுகி நின்றது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெடியன் நாலு ரயரிலும் காற்றை இறக்கச் சொன்னான். உள்ளே நாங்கள் எட்டுப் பேர் ஏறி நிற்க, அவன் மெதுவாகப் பின்னுக்கு எடுத்தான். வளைவின் அடியில் பச்சைக் கோடு ஒன்று இன்னும் இருக்கிறது. ரெயிலரை வாங்கின விலையில் பாதிக்கு ஆனைக்கோட்டையில் ஒருவருக்கு விற்றேன். அவர் வீட்டில் கேற்றே இல்லை, கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.