ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே எத்தனை மைக்ரான்?

கேள்வி: ஐயா, நாங்கள் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்கள். எங்கள் லேபில் வாட்டர் கூலிங் உள்ள ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 110 மி.மீ., 1500 ஆர்.பி.எம். இரண்டு ஆயில்களை மாற்றி ஊற்றி, பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) இடையே ஆயில் படலம் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்று அளக்க ஆசை. ஒருவர் லேசர் என்கிறார், இன்னொருவர் அல்ட்ராசவுண்ட் என்கிறார். எங்கள் கைக்கு எட்டுவது எது?

பதில்: கெப்பாசிட்டன்ஸ் சென்சார்தான், அதாவது இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மின்னூட்டம் எவ்வளவு சேரும் என்பதை வைத்து இடைவெளியைச் சொல்வது. மற்ற இரண்டும் நல்ல முறைகளே. ஆயிலில் சாயம் கலந்து, லைனரில் பதித்த சிறு கண்ணாடி வழியே லேசர் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளப்பது லேசர் முறை. ரிங்குகளுக்கு நடுவே தங்கும் ஆயிலையும் அது காட்டும். ஆனால் சூடேறினால் சாயத்தின் ஒளி மங்கும், அதைத் திருத்துவதே தனி வேலை. அல்ட்ராசவுண்டுக்கு ஓட்டை வேண்டாம், லைனரின் வெளிப்பக்கத்தில் ஒட்டினால் போதும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் இதை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும் கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது.

சரி, உங்கள் சென்சாருக்கு வருவோம். லைனரில் ஒரு துளை போட்டு, சுற்றிலும் இன்சுலேஷன் கொடுத்து, 1.5 மி.மீ. விட்டமுள்ள ஊசியை உள்சுவரோடு சமமாகப் பதிக்கிறீர்கள். ஊசி ஒரு தட்டு, எதிரே கடக்கும் ரிங் இன்னொரு தட்டு, நடுவில் ஆயில். ஆயிலின் மின்கடத்தாப் பொருள் மாறிலி சுமார் 2.2. அப்படியானால் 2 மைக்ரான் படலத்துக்கு 17 பிகோஃபாரட் வரும், 4 மைக்ரானுக்கு அதில் பாதி. சாதாரண கோஆக்சியல் கேபிளோ மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு தானே வைத்திருக்கும், நம் சிக்னல் அதில் மூழ்கிவிடும். அதனால் ஆம்ப்ளிஃபையரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கேபிளின் உறையையும் சிக்னலின் வோல்டேஜிலேயே ஓட்டுங்கள்.

ஊசி எந்த உலோகம் என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். என் முதல் சோதனை அமைப்பில் கடைய சுலபம் என்று பித்தளை போட்டேன். 5 மி.மீ. கனமுள்ள சுவரில் 100 டிகிரி சூடேறும்போது, வார்ப்பிரும்பைவிடப் பித்தளை சுமார் 4 மைக்ரான் கூடுதலாக நீள்கிறது. நாம் அளக்க வந்ததே அந்த அளவுதான்! ஒரு மாத அளவீடு வீணானது. லைனரின் அதே வார்ப்பிரும்பில் ஊசியைக் கடையுங்கள். பதித்த பிறகு லைனரையும் ஊசியையும் சேர்த்தே ஹோனிங் செய்யுங்கள், அதாவது உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குங்கள். வாட்டர் ஜாக்கெட்டைத் தாண்டிப் போகும் துளை என்பதால் ஓ-ரிங் போட மறக்காதீர்கள்.

அடுத்து வேகம். ஸ்ட்ரோக்கின் நடுவில் பிஸ்டன் நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் ஓடும். 2.5 மி.மீ. அகல ரிங் ஒரு புள்ளியைக் கடக்க 0.3 மில்லி நொடிகூட ஆகாது, அதாவது கிராங்கில் இரண்டரை டிகிரி. கிராங்கின் சுழற்சியை அளந்து டிகிரிக்கு ஒரு பல்ஸ் தரும் என்கோடர் உங்களுக்கு இரண்டு மூன்று புள்ளிகள்தான் தரும். 100 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் முப்பது புள்ளிக்கு நெருக்கமாகக் கிடைக்கும். ரிங் முகம் தட்டையல்ல, லேசாகப் புடைத்தது. 1.5 மி.மீ. ஊசி அந்தப் புடைப்பின் சராசரி இடைவெளியைத்தான் பார்க்கும். ஆகவே ரிங்கைக் கழற்றி முகத்தின் வடிவத்தைப் புரொஃபைலோமீட்டரில் (மேற்பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) எடுத்து, அதை வைத்துக் கணக்கிட்டுத்தான் குறைந்தபட்சத் தடிமனைச் சொல்ல முடியும்.

அப்புறம் கேலிப்ரேஷன். ஆழம் தெரிந்த சில மைக்ரான் படிகள் கொண்ட, நைசாகத் தேய்த்து மட்டமாக்கிய இரும்புத் துண்டில் ஆயில் தடவி, அதே ஊசியின் மேல் வைத்து 40, 80, 100 டிகிரியில் வளைகோடு எடுங்கள். எஞ்சினில் ஓடிப் பழசான ஆயிலுக்கு இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தண்ணீரின் மாறிலி 80 அளவில் இருப்பதால் கொஞ்சம் ஈரம் கலந்தாலும் கணக்கு கெடும். ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு தெர்மோகப்பிளும் வையுங்கள். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏழெட்டு மடங்கு இளகியிருக்கும். வெப்பநிலை தெரியாமல் இரண்டு ஆயில்களை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ஆயிலையா சூட்டையா என்றே தெரியாது.

எடுத்தவுடன் எஞ்சினைப் பற்றவைக்காதீர்கள். மின்மோட்டாரால் சுழற்றி, ஜாக்கெட்டில் 80 டிகிரி தண்ணீர் விடுங்கள். முதலில் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி ஓட்டுங்கள், பிறகு மாட்டி ஓட்டுங்கள். ரிங்கின் முதுகில் வாயு அழுத்தம் ஏறும்போது படலம் எப்படி மெலிகிறது என்பது இந்த இரண்டு வளைகோடுகளின் வித்தியாசத்தில் அப்படியே தெரியும். ஊசியை ஸ்ட்ரோக்கின் நடுவில் வையுங்கள். அங்கே படலம் சில மைக்ரான் இருக்கும். மேல் டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில், ரிங் ஒரு கணம் நின்றுவிடுவதால் ஒரு மைக்ரானுக்கும் கீழே போய், உலோகமே தொட்டு சிக்னல் ஷார்ட் ஆகலாம். அந்த இடத்தை அடுத்த பேட்ச் மாணவர்களுக்கு விட்டுவையுங்கள்.