மலையேற்றத்தில் எந்த வலியைப் பொறுக்கலாம், எதற்கு நிற்க வேண்டும்?

முதுகுப் பையோடு பல நாள் மலையேறும்போது வரும் உபாதைகளில் எவற்றைச் சகித்துக்கொண்டு நடக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தொடைகளும் ஒரே மாதிரி வலித்தால் கவலை வேண்டாம். அது உழைத்த தசையின் முனகல். ஒரு மூட்டில் மட்டும் சுருக்கென்று குத்தினால் சுமையைக் குறையுங்கள்.

கொப்புளத்துக்கு மட்டும் வீரம் காட்டாதீர்கள். குதிகாலில் சூடாக உறுத்தத் தொடங்கியதுமே நில்லுங்கள். கூட வருபவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஷூவைக் கழற்றி, காலுறையில் சிக்கிய மணலை உதறி, ஈரத்தைத் துடைத்து, சிவந்த இடத்தில் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஈரத்தில் ஊறிய தோலில் உராய்வு அதிகம் என்பதால் மாற்றுக் காலுறை ஒன்று எப்போதும் கைக்கெட்ட இருக்கட்டும். கொப்புளம் எழும்பிவிட்டாலும் நடக்க முடிகிறவரை உடைக்காதீர்கள். அந்த மேல்தோல்தான் கிருமிகளுக்குத் தடுப்பு.

தோள்வலிக்குப் பெரும்பாலும் காரணம் தோளல்ல, பையின் இடுப்புப் பட்டை. அது இடுப்பெலும்பின் மேல் அமரும்படி முதலில் இறுக்கிவிட்டு, பிறகு தோள் பட்டைகளை இழுங்கள். இறக்கத்தில் விரல்நுனி ஷூவில் இடித்தால் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்குங்கள்.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் கதையே வேறு; அது உயரத்தால் வரும் மலைநோயாக இருக்கலாம். அது சரியாகும்வரை மேலே ஏறக்கூடாது. தள்ளாட்டம், குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல், துணையோடு உடனே கீழே இறங்கிவிடுங்கள்.