மனம் அடங்கவில்லை என்று எழுதிய தங்கைக்கு

கேள்வி: எனக்கு வயது 38. அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் கட்டாரில். மகன் இந்த முறை ஓ.எல். எடுக்கிறான், மகள் தரம் 6. மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. எதற்கெடுத்தாலும் பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன், இரவில் நித்திரையும் இல்லை. இதைச் சொன்னபோது கூட வேலை செய்கிற அக்கா ஒருவர் தியானம் செய்யச் சொன்னா. போனில் ஒரு செயலியை இறக்கி, விடிய நாலரைக்கு எழும்பி 20 நிமிடம் கண்ணை மூடி இருக்கிறேன். இரண்டு மாதமாகிவிட்டது. மனம் ஒரு நிமிடம்கூட அடங்கவில்லை. ரியூசன் காசு, மாமியின் மருந்து, மேசையில் கிடக்கிற கோவைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எழும்பும்போது முன்னையைவிடக் கோபம்தான் வருகிறது. எனக்கு இது சரிவராதா? 95இல் போரால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. கண்ணை மூடினால் சில நாட்களில் அந்தச் சத்தங்களும் கேட்கும்.
— கோண்டாவில் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

போகிற போக்கில் எழுதியது போலக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்ணை மூடினால் அந்தச் சத்தங்கள் கேட்கின்றன என்றால், இனிமேல் கண்ணை மூடி இருக்க வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இதில் உங்களுடைய பிழை ஒன்றும் இல்லை. சிறுவயதில் பயங்கரத்தைக் கண்ட உடம்பு எந்த நேரமும் காவலுக்கு நிற்கப் பழகியிருக்கும். கண்ணை மூடியதும் காவல் போய்விட்டது என்று அது பதறும். அந்த நேரத்தில் மூச்சைக் கவனிக்கப் போனால் நெஞ்சு இறுகும், பழையதெல்லாம் வந்து குந்தும். மனவடுப்பட்டவர்களோடு வேலை செய்கிற வைத்தியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். செயலிக்கு உங்களைத் தெரியாது, அதுதான் வித்தியாசம். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் நானும் நின்றேன். அந்த இரவை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையில்லை. எங்களுடைய ஊரில் ஒருவரிடம் "கண்ணை மூடி அமைதியாக இருங்கோ" என்று சொல்வதற்கு முன்னால் ஒருக்கால் யோசிக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைக்கிறேன்.

இனி, மனம் அடங்காத விஷயம்.

மனம் வெறுமையாக வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. செயலிகளில் 'மைன்ட்புல்னஸ்' என்று வருகிற, இந்தக் கணத்தைக் கவனித்திருக்கிற பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜோன் கபட்-சின். 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில், மருந்தால் தீராத நீண்டகால நோவோடு இருந்த நோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்து, சமயச் சாயல் இல்லாமல் 8 கிழமைப் பயிற்சியாக வகுத்தார். அந்தப் பயிற்சியில் மனத்தை வெறுமையாக்கு என்ற பேச்சே இல்லை. மனம் ஓடும். ஓடிவிட்டது என்று ஒரு கட்டத்தில் உங்களுக்குத் தெரியவரும். தெரிந்ததும் அதைத் திட்டாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். துலாவில் தண்ணி அள்ளியதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். வாளி கீழே போனால்தானே தண்ணியோடு மேலே வரும்? 20 நிமிடத்தில் ஐம்பது தரம் ரியூசன் காசுக்குப் போய் ஐம்பது தரம் திரும்பினீர்கள் என்றால், அன்றைக்கு ஐம்பது வாளி இறைத்திருக்கிறீர்கள். இரண்டு மாதமும் வீணாகப் போனது என்று நினைக்காதீர்கள்.

ஆனாலும் நாலரைக்கு எழும்புவதை விடுங்கள். நித்திரை இல்லாத ஒருவருக்கு அந்த இருபது நிமிடத்தில் மருந்து நித்திரைதான்.

பயிற்சியை, நீங்கள் எப்படியும் செய்கிற வேலைக்குள் வையுங்கள். காலையில் முற்றம் கூட்டுகிறீர்கள்தானே, அதிலேயே தொடங்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் விடியற்காலையில் உள்ளங்காலில் குளிர்ந்து ஒட்டும். விளக்குமாற்றை இழுக்கும்போது ஈர்க்கு மண்ணில் உரசுகிற சத்தம் ஒன்று, காய்ந்த மாவிலை புரளுகிற சத்தம் வேறொன்று. கூட்டிய இடத்தில் விசிறி விரித்த மாதிரிக் கோடுகள் விழும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த இழுவையை இழுங்கள். நடுவில் மாமியின் மருந்து ஞாபகம் வரும், வரட்டும். மருந்துக்குப் போய்விட்டேன் என்று தெரிந்ததும் காலடி மண்ணுக்குத் திரும்புங்கள். கண் திறந்திருக்கிறது, கை வேலையில் இருக்கிறது, நிற்பது உங்கள் சொந்த முற்றம். உங்களைப் போன்றவர்களுக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் இப்போது எந்த ஆண்டு, எந்த இடம் என்பதை உடம்புக்குக் கால்தான் சொல்லும். திருவிழாவில் திடீரென்று வெடி போடும்போது தூக்கிவாரிப்போட்டாலும் இதே வழிதான், முதலில் காலைத் தேடுங்கள்.

கபட்-சின்னின் பயிற்சியில் ஒரு முந்திரிகை வற்றலைக் கையில் தந்து, பார்த்து, மணந்து, மெதுவாகச் சாப்பிடச் சொல்வார்கள். எங்களிடம் பனங்கட்டி இருக்கிறது. பின்னேரம் வேலையால் வந்து பிளேன்டீ குடிக்கிற நேரம் போனைத் தூர வைத்துவிட்டு ஒரு துண்டைக் கடியுங்கள். முதலில் பல்லில் மொறுமொறுப்பு, பிறகு இனிப்பு, அதற்குப் பின்னால் மெல்லிய கரிப்பு. சூட்டுத் தேத்தண்ணி பட்டதும் நாக்கில் அது கரைகிற இடத்தைக் கவனியுங்கள். ஒரு துண்டு கரையும்வரை போதும்.

மகனில் எரிந்து விழப்போகிற கணத்துக்கு இன்னொன்று. கதவு நிலையிலோ மேசையிலோ கையை வையுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூன்று தரம், அவ்வளவுதான். சாதாரணமாக நாங்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் வரை மூச்சு விடுகிறோம். இப்படி விட்டால் அது ஆறாகிறது. மூச்சு வெளியே போகும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்புச் சற்றுத் தணியும், அதனால்தான் விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும். மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகுகிறது என்றால் இதையும் விடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயில் தானாக வருகிற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரவர் சமயத்தில் பழகிய வழிகளையே பயன்படுத்தினார். சைவர்களுக்கு மந்திர செபம், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவனை நினைந்து ஓதுகிற திக்ர். உங்களுடைய ஆச்சி வாய்க்குள் முணுமுணுத்த சொல் ஏதாவது இருந்தால், செயலியின் குரலைவிட அது உங்களை விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

'சும்மா இரு' என்ற சொல் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளால் எங்கள் ஊரில் வீடுதோறும் பழகிய சொல். அதைக் கேட்டுவிட்டு அசையாமல் குந்தியிருக்க வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவருடைய குரு செல்லப்பர் இருந்த இடம் நல்லூர்க் கோயில் தேரடி. சனம் போய்வருகிற தெருவோரம் அது. சத்தமில்லாத இடம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்ல வேண்டும். உங்கள் கோபம் முழுவதும் மனத்தின் கோளாறில்லை. சமையல், அலுவலகம், மாமியின் மருந்து, இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு ஆளின் தலையில் இருக்கிறது. இதைத் தாங்கிக்கொள்வதற்காகத் தியானம் செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மகன் 16 வயதுப் பெடியன். சோதனை இருந்தாலும் தேங்காய் துருவலாம், தங்கச்சியை ரியூசனுக்குச் சைக்கிளில் ஏற்றிப்போகலாம். கணவரோடு போனில் கதைக்கும்போது காசுக் கணக்கோடு உங்கள் நித்திரைக் கணக்கையும் சொல்லுங்கள். அவர் தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் அந்தச் சத்தங்கள் தொடர்ந்தால், அல்லது நித்திரையில் பதறி எழும்பினால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரச வைத்தியசாலை, காசு கட்டத் தேவையில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது. பார்க்கிறவர்கள் விசர் என்று சொல்லிப்போடுவார்களோ என்று பயமிருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் வருடக்கணக்காக நித்திரையில்லாமல் கிடந்தவர்களையும் எனக்குத் தெரியும். தனியப் போக மனமில்லை என்றால் தியானம் செய்யச் சொன்ன அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள்மேல் அக்கறைப்பட்டுத்தானே சொன்னவ, கேட்டால் இதற்கும் வருவா.